கேட்டவர்கள் போட்ட வரிசை

(ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பின்வரிசையில் சிலர் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டாம் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் என்று தெரிகிறது. நேரமானால் தயங்காமல் எழுந்து போங்கள். உங்களுக்காக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாரத்துக்கு ஒருநாள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், இந்த வாரம் எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று வானொலியில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் முதலிடத்துப் பாட்டைப் போடுவார்களே, அந்த நிகழ்ச்சிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். டாப் டென் என்றும் கவுண்ட்டவுன் என்றும் நாம் சொல்கிறோம். உலகமெங்கும் அவற்றில் பல முடிந்துவிட்டன, மிச்சமிருப்பவை உருமாறிவிட்டன. பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், "உனக்கு எது பிடித்திருக்கிறது, எழுதிப் போடு" என்று நேயரைப் பார்த்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிக் கேட்க இப்போது ஆள் இல்லை. இந்த வட்டாரத்தில் அந்தக் கேள்வியை மறுபடி கேட்க வைக்கவேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தக் கதை 1952இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உளமார நம்பியவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இருந்த நேரத்தைக் குறைத்தார். படத் தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றியது. கொஞ்சகாலம் நம் வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போனது. அவர் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. கர்நாடக, ஹிந்துஸ்தானி வித்வான்கள் பலர் அந்தக் காலத்தில் வானொலியால் வாழ்ந்தார்கள். ஆனால் ரேடியோப் பெட்டிக்கு லைசென்ஸ் கட்டணம் கட்டிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் விசாரிக்கவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் விசாரித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர், போர் முடிந்தபின் ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. 1950 செப்டம்பரில் அங்கே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. கொழும்பில் போடும் பாட்டு கன்னியாகுமரியிலும் கேட்கும், காஷ்மீரிலும் கேட்கும். பினாகா பற்பசை தயாரித்த சிபா நிறுவனம் முதலில் ஆங்கிலப் பாடல்களுக்காக அங்கே 'பினாகா ஹிட் பரேடு' நடத்தியது. பிறகு இந்திப் பாடல்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நினைத்தது. அனுபவமுள்ள அறிவிப்பாளர்கள் யாரும் வரவில்லை. சம்பளம் வாரத்துக்கு 25 ரூபாய்தான். அமீன் சயானி என்ற இளைஞர் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு 20 வயதுகூட முடியவில்லை. 1952 டிசம்பர் 3, புதன்கிழமை மாலை, 'பினாகா கீத்மாலா' முதன்முதலாக ஒலித்தது.

அந்த நிகழ்ச்சி பயணப்பட்ட வழியைக் கொஞ்சம் பாருங்கள். பம்பாயில் ஒலிப்பதிவு செய்வார்கள். டேப் விமானத்தில் கொழும்புக்குப் போகும். கொழும்பிலிருந்து சிற்றலை வழியாக மறுபடி இந்தியாவுக்கே வந்து சேரும். சொந்த நாட்டு வானொலி மறுத்ததைக் கேட்க, ஜனங்கள் பக்கத்து நாட்டு வானொலியைத் திருகினார்கள்.

முதலில் வரிசை என்று ஒன்றும் கிடையாது. ஏழு பாடல்களைக் கலைத்துப் போட்டு ஒலிபரப்புவார்கள். எது அதிகப் பிரபலம், எது அடுத்தது என்று நேயர்கள் வரிசைப்படுத்தி எழுதி அனுப்ப வேண்டும். சரியாக எழுதியவருக்கு 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன. ஓராண்டுக்குள் வாரம் 65,000. கடிதங்களைப் பிரித்துப் படித்தே மாய்ந்துபோனார்கள். போட்டியைக் கைவிட்டு, நேயர்கள் சொல்லும் வரிசையையே நிகழ்ச்சியாக ஆக்கினார்கள். பதினாறு பாடல்கள், ஒருமணி நேரம், புதன்கிழமை இரவு எட்டு மணி என்று அது பிறகு நிலைபெற்றது.

வரிசையை எப்படித் தயாரித்தார்கள் என்பதில்தான் எனக்கு மிகுந்த மரியாதை. நாட்டின் பல ஊர்களில் இருந்த இசைத்தட்டுக் கடைகளிடம் விற்பனைக் கணக்கு வாங்கினார்கள். அது போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. நன்றாக ஓடும் இசைத்தட்டு கடையில் தீர்ந்துபோனால் அந்த வாரம் விற்பனை இறங்கியதாகக் கணக்கு வரும், பாட்டு இறங்கியிருக்காது. கணக்கைக் கூட்டிக் காட்ட ஆள்வைத்து இசைத்தட்டு வாங்கவும் முடியும். அதனால் ஊர் ஊராக நேயர் சங்கங்களை அமைத்து, அவர்கள் கூடிப் பேசி அனுப்பும் பட்டியலையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பாட்டு மாதக்கணக்கில் பட்டியலைவிட்டு இறங்க மறுத்தால்? குறிப்பிட்ட வாரங்களைக் கடந்ததும் அதற்கு 'சர்தாஜ்' என்று மகுடம் சூட்டி, கொம்பு ஊதி, மரியாதையோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த இடத்துக்குப் புதிய பாட்டு வரும். இந்த விதிகளையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து வகுத்தார்கள். எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்கள்.

1957 அக்டோபர் 3இல் விவிதபாரதி தொடங்கியதும் நம் வானொலிக்கும் சினிமாப் பாட்டு திரும்பிவந்தது. அதற்குக் கீத்மாலா ஒரு காரணம் என்று சொன்னால் தவறில்லை. தபாலட்டைகள் ஓர் அரசின் கொள்கையை அசைத்தன.

இங்கே தமிழுக்கு வருகிறேன். இந்திக்கு கீத்மாலா என்றால் தமிழுக்கு எது என்று கேட்பீர்கள். ரேடியோ சிலோனும், பின்னால் வந்த இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த அறிவிப்பாளர்கள் ஒருவர் இருவரல்லர். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று பெயர் சொன்னால் இங்கே நரைத்த தலைகள் ஆடுவதைப் பார்க்கிறேன். 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' எல்லாம் சிலோன் ரேடியோவாக நம் வீடுகளுக்குள் வந்தவை. ஆனால் தமிழ் நேயரின் மனசில் ஆழமாக இறங்கிய வடிவம் 'நேயர் விருப்பம்' என்பது என் கருத்து. அங்கே முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. ஒரு பாட்டுக்கு முன்னால் பெயர்கள் வரும். செங்கல்பட்டு, வாலாஜாபாத், அச்சிறுபாக்கம், திண்டிவனம் என்று ஊரோடு சேர்த்துப் பெயர்கள். ஒரே வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள், பக்கத்து வீட்டு அக்கா எல்லோர் பெயரையும் அடுக்கி எழுதிப் போடுவோம். பாட்டு மூன்று நிமிடம் என்றால் பெயர்கள் இரண்டு நிமிடம் ஓடும்.

அதுவும் ஓர் எண்ணிக்கைதான் நண்பர்களே. எந்தப் பாட்டுக்குப் பெயர்ப்பட்டியல் நீளமோ அந்தப் பாட்டு ஊரில் நிற்கிறது என்று அர்த்தம். வாக்குச்சீட்டை எண்ணி முடிவைச் சொல்வது ஒரு முறை. வாக்களித்தவர் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாக வாசிப்பது நம் முறை. விவிதபாரதியும் அதைத்தான் செய்தது. சென்னை வர்த்தக ஒலிபரப்பில் தன் பெயர் வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இந்தப் பகுதிக் கிராமங்களில் எத்தனையோ பேர். வீட்டில் யாராவது குறுக்கே பேசிவிட்டால் அன்றைக்குச் சண்டைதான்.

சரி, ஒரு நிகழ்ச்சியை ஓர் இடத்தில் தயாரித்துப் பல நிலையங்களுக்கு விற்கும் முறைக்கு வருவோம். அமெரிக்காவில் இதைப் பெரிய தொழிலாகவே நடத்தினார்கள். 1970 ஜூலை 4 வார இறுதியில் 'அமெரிக்கன் டாப் 40' என்ற நிகழ்ச்சி ஏழே ஏழு நிலையங்களில் தொடங்கியது. அறிவிப்பாளர் கேசி கேசம், லெபனான் வழிக் குடும்பத்தில் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். அவரும் அமீன் சயானியும் ஒரே ஆண்டில், 1932இல், பிறந்தவர்கள் என்பது எனக்குப் பிடித்தமான தற்செயல். வாராவாரம் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, எல்.பி. இசைத்தட்டுகளாகவே அச்சடித்து, எந்த இடத்தில் உள்ளூர் விளம்பரம் சேர்க்கலாம் என்ற குறிப்போடு நிலையங்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள். 'பில்போர்டு' பத்திரிகையின் பட்டியல்தான் அதற்கு அடிப்படை. மூன்று மணி நேர நிகழ்ச்சி 1978இல் நான்கு மணி நேரமானது. பாட்டுகள் நீண்டுவிட்டன என்பது காரணம். உச்சத்தில் இருந்தபோது பல நாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் அதை ஒலிபரப்பின.

நாற்பது பாட்டுகளுக்கு நடுவே கேசம் ஒரு கடிதம் படிப்பார். தூரத்தில் இருக்கும் காதலிக்கு, பிரிந்த நண்பனுக்கு, ராணுவத்தில் இருக்கும் மகனுக்கு என்று நேயர் ஒருவர் எழுதிய கடிதம். அதன்பின் அவர் கேட்ட பாட்டு. எத்தனை கோடி டாலர் தொழிலாக வளர்ந்தாலும் அதன் நடுவில் ஒரு நேயர் விருப்பத்தை வைத்திருந்தார்கள் பாருங்கள்.

1988இல் ஒப்பந்தத் தகராறில் கேசம் விலகினார். ஷேடோ ஸ்டீவன்ஸ் வந்தார். அடுத்த ஜனவரியிலேயே கேசம் வேறு நிறுவனத்தில் தன் பெயரிலேயே போட்டி நிகழ்ச்சி தொடங்க, நிலையங்கள் ஒவ்வொன்றாக அவர் பின்னால் போயின. 1995 ஜனவரியில் மூல நிகழ்ச்சி நின்றது. 1998இல் அதே பெயரோடு கேசமே திரும்பிவந்தார்; 2004இல் ரயன் சீகிரெஸ்ட்டிடம் கொடுத்தார். கேசம் 2014இல் காலமானார். ஆனாலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவர் பதிவுசெய்த பழைய நிகழ்ச்சிகளை அமெரிக்க நிலையங்கள் இன்றும் வார இறுதியில் மறுஒலிபரப்பு செய்கின்றன. நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வாரத்தில் எது முதலிடம் என்று தெரிந்துகொள்வதில் இன்றைக்கு என்ன பரபரப்பு இருக்க முடியும்? ஒன்றுமில்லை. அந்த வாரத்தில் தாமும் இருந்தோம் என்பதற்காகக் கேட்கிறார்கள்.

நம் கீத்மாலாவின் முடிவும் அதே ஆண்டுகளை ஒட்டித்தான். 1989இல் விவிதபாரதிக்கு மாறியது, 1994இல் நின்றது, 2000க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் வேறு பெயரில் வந்துபோனது. சயானி 2024 பிப்ரவரி 20 அன்று மறைந்தார். முடிவுக்குக் காரணங்கள் எல்லோரும் அறிந்தவை. மலிவு கேசட் வந்தது. வேண்டிய பாட்டை வேண்டியபோது போட்டுக்கொள்ளலாம். செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. தமிழில் 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. வரிசை சொல்லும் வேலை திரைக்கு நகர்ந்தது. அதோடு, ஒரு பற்பசைக் கம்பெனி ஒருமணி நேரத்துக்குப் பணம் கட்டி ஒரே நிகழ்ச்சியைத் தன் பெயரில் நாற்பது வருடம் நடத்தும் காலமும் முடிந்துவிட்டது. விளம்பரதாரருக்கு இப்போது பத்து விநாடி போதும்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். அங்கே தலைமுறை தலைமுறையாக ஞாயிறு மாலை பி.பி.சி.யில் வரிசை கேட்பது குடும்ப வழக்கம். 2015 ஜூலையில் அதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள்; உலகமெங்கும் புதிய பாட்டு வெள்ளிக்கிழமை வெளியாவது என்று இசைக் கம்பெனிகள் முடிவு செய்துவிட்டன. அதற்கு ஓராண்டு முன்பே இணையத்தில் பாட்டு ஓடும் கணக்கும் பட்டியலில் சேர்ந்தது. 2017 மார்ச்சில் எட் ஷீரன் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதன் பதினாறு பாட்டும் முதல் இருபதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. மற்ற எல்லோருக்கும் சேர்த்து நான்கே இடம். பதறிப்போய், ஒரு பாடகருக்கு அதிகபட்சம் மூன்று பாட்டு என்று அந்த ஜூலையில் விதி போட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? ஆல்பத்தை ஒருவர் திறந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாலும் பதினாறு பாட்டும் தானாக ஓடும். பதினாறும் கணக்கில் ஏறும். ஒரு தபாலட்டை அப்படி ஏறாது. அதற்குப் பேனா எடுக்க வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தபால்பெட்டி வரை நடக்க வேண்டும். இன்றைய கணக்கு துல்லியமானது, மறுக்கவில்லை. நாம் என்ன செய்தோம் என்று அதற்குத் தெரியும். நாம் என்ன நினைக்கிறோம் என்று அது கேட்பதில்லை. இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23இல் நம் சென்னையில்தான் தொடங்கியது. 2003இல் சென்னைக்குத் தனியார் நிலையங்கள் வந்தன. சூரியன், மிர்ச்சி, பிறகு ஹலோ என்று வரிசையாக. அறிவிப்பாளர் ஆர்.ஜே. ஆனார், பேச்சுத்தமிழ் காற்றில் ஏறியது, போனைப் போட்டுப் பேசும் நேயரின் குரலே நிகழ்ச்சியானது. 'மிர்ச்சி டாப் 20' போன்ற பட்டியல்களும் வந்தன. நான் அந்தக் காலத்தைக் குறைசொல்பவன் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் சத்தமில்லாமல் நடந்தன. ஒன்று, எந்தப் பாட்டை நாளைக்கு எத்தனை முறை போடுவது என்பதைக் கணினி மென்பொருள் அட்டவணை போட்டுத் தரத் தொடங்கியது. ஹிட் பாட்டு இரண்டு மணிக்கொரு முறை வந்துவிடும். நாள் முழுக்க முதலிடத்துப் பாட்டையே கேட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை அதன் இடத்தைச் சொன்னால் என்ன ஆவல் வரும்? இரண்டாவது, 2011இல் வந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கை, ஒரு கம்பெனி தன் நிலையங்கள் அனைத்திலும் ஒரே நிகழ்ச்சியை இணைத்து ஒலிபரப்பத் தாராளமாக அனுமதித்தது. செலவு குறைந்தது. ஊரின் குரலும் குறைந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வானொலி கேட்பவர்களைக் கணக்கெடுக்க 2007இல் தொடங்கிய ஏற்பாடு மும்பை, தில்லி, பெங்களூரு, பின்னர் கொல்கத்தா என்று நான்கு நகரங்களை எடுத்துக்கொண்டது. சென்னையே அதில் கிடையாது. சென்னை இல்லையென்றால் சுங்குவார்சத்திரமும் ஒரகடமும் எங்கே வரப்போகின்றன?

இந்த வட்டாரத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் ஆதங்கமே வருகிறது. 2006இல் இங்கே நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியாவின் மலிவு விலை போன்களில் பலவற்றில் எஃப்.எம். உள்ளேயே இருக்கும். இயர்போன் கம்பிதான் ஆண்டெனா. அதைச் சொருகினால்தான் ஸ்டேஷன் எடுக்கும். ஒரு கம்பியை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதை இந்தச் சாலையில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ரேடியோவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்ற நிலை இந்த நாட்டின் ஏழைக்கு அந்தப் போன்களால்தான் வந்தது. 2014 நவம்பர் 1இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்களின் வாழ்க்கை திசைமாறியது. அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. ஐபோனில் எஃப்.எம். எடுக்காது. ஐபோன் 7, 8 மாடல்களில் அதற்கான சிப்போ ஆண்டெனாவோ இல்லை என்று 2017இலேயே ஆப்பிள் சொல்லிவிட்டது. மற்ற கம்பெனிகளின் போன்களிலும் எஃப்.எம். வசதி குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து, 2023 ஏப்ரலில் மத்திய மின்னணுத் துறை அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது: எஃப்.எம். உள்ள போனில் அதை முடக்காதீர்கள், இல்லாத போனில் சேருங்கள், புயல் வெள்ளக் காலத்தில் ஜனங்களுக்குச் செய்தி போய்ச்சேர அதுதான் வழி. 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்துக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக, வானொலி கேட்கும் போனைச் செய்த அதே வட்டாரம், வானொலி கேட்காத போனைச் செய்கிறது. செய்கிறவர்களும் பாட்டுக் கேட்கிறவர்கள்தான். உள்ளே போகும்போது பல ஆலைகளில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வெளியே வந்ததும் முதலில் கை தேடுவது அந்தப் போனை. பஸ்ஸில் ஏறியதும் ஆளுக்கொரு இயர்போன், ஆளுக்கொரு பாட்டு. டிரைவர் தன் பென் டிரைவைச் சொருகி ஒன்றைப் போடுவார். பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "அண்ணே, அந்தப் பாட்டு வேணாம்ணே, நேத்து போட்டீங்களே, அதைப் போடுங்க." "அதையே எத்தனை வாட்டிப்பா போடறது" என்று முணுமுணுத்தாலும் போட்டுவிடுவார். எனக்குத் தெரிந்தவரை இந்தச் சாலையில் இன்று நடக்கும் ஒரே நேயர் விருப்பம் அதுதான். மனசுக்கு நிறைவாக இருக்கும் அதைக் கேட்க. ஆனால் ஐம்பது பேருக்குள் அது முடிந்துவிடுகிறது.

2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்த் திட்டம். ஒரே வளாகத்தில் ஒரு நகரமே வசிக்கிற மாதிரி. தர்மபுரி, திருவண்ணாமலை, திருநெல்வேலிப் பிள்ளைகள் இந்த வட்டாரத்து விடுதிகளில் இருக்கிறார்கள். ஒடிசா, ஜார்கண்ட், பீகார், அசாம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்கும் ஒரு குரல், ஒருவர் பெயரை இன்னொருவர் கேட்கும் ஓர் ஏற்பாடு, எங்கே இருக்கிறது?

நான் சொல்லும் யோசனை இதுதான். இங்கே ஒரு சமுதாய வானொலி வேண்டும். கற்பனை இல்லை, சட்டம் இருக்கிறது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் வழிகாட்டியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் உரிமம் கேட்கலாம். 100 வாட் சக்தி, 30 மீட்டர் வரை ஆண்டெனா. சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நன்றாகக் கேட்கும். வல்லம் வடகாலில் ஒரு கோபுரம் எழுப்பினால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடவும் 2024 விதிகள் அனுமதிக்கின்றன. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் தயாராக வேண்டும் என்பதும் விதி. அந்த விதி நமக்குச் சாதகம்.

அந்த நிலையத்தில் வாரம் ஒரு வரிசை நிகழ்ச்சி. ஷிஃப்ட் பிரித்துவிட்ட ஜனங்கள் நாம். எட்டு மணிக்கு எல்லோரும் வீட்டில் இருப்பதில்லை. அதனால் மூன்று ஷிஃப்டுக்கும் பொருந்தும்படி ஒரே நாளில் மூன்று முறை ஒலிபரப்ப வேண்டும். விடுதி வாசலிலும் டீக்கடையிலும் பஸ் ஏறும் இடங்களிலும் ஒரு பெட்டி. ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரே பாட்டு. வாட்ஸ்அப்பில் வாங்கலாமே என்று இளைஞர்கள் சொல்வீர்கள். வாங்கலாம், ஆனால் போன் மாற்றிப் போன் மாற்றி ஒருவரே நூறு அனுப்பாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சயானி காலத்து இசைத்தட்டுக் கடைகளிலேயே அந்தத் தொல்லை இருந்தது என்று முன்பே சொன்னேன். எண்ணும் வேலையைப் பூட்டிய அறையில் செய்யக்கூடாது. கரும்பலகையில் கோடு போட்டு, யாரும் வந்து பார்க்கும்படி எண்ண வேண்டும். பத்து வாரம் நின்ற பாட்டுக்கு மாலை போட்டு அனுப்பிவிட வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கேட்டவர்கள் பெயரும் ஊரும். பெண்பிள்ளைகள் முழுப்பெயரும் விடுதி அறையும் சொல்ல வேண்டாம். பெயரில் ஒரு பாதியும் சொந்த ஊரும் போதும். புரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயரை நம் அறிவிப்பாளர் பிழையில்லாமல் உச்சரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிலர் என்னோடு உடன்படமாட்டீர்கள் என்று தெரியும். தமிழ்ப் பாட்டுக்கு ஒரு வரிசை, இந்திக்கு ஒரு வரிசை, ஒடியாவுக்கு ஒரு வரிசை என்று வைத்தால் சண்டை வராது என்பார்கள். ஒரே வரிசை வேண்டும் என்பது என் கட்சி. லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே போனைச் செய்கிறவர்களுக்குப் பாட்டில் மட்டும் தனித்தனி வரிசை எதற்கு? முதல் சில வாரம் தமிழ்ப் பாட்டே மேலே நிற்கும்; நம் எண்ணிக்கை அப்படி. ஏதோ ஒரு வாரம் ஒடியாப் பாட்டு ஒன்று ஏழாவது இடத்துக்கு வரும். அது என்ன பாட்டு என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். அர்த்தம் சொல்லச் சொல்லி அந்தப் பிள்ளைகளிடம் போவார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இப்போதே எழுந்து பேசலாம். மைக்கைப் பின்வரிசையிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.